கோடையில் பழைய வீடுகளைக் குளிர்ச்சியாக வைத்துக் கொள்ளும் முறை

மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் மறுநாளே ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறார். அதே கூரையின் வழியாகக் கோடையில் உஷ்ணம் இறங்கும்பொழுது அதனை ஓர் ஒழுக்கு என்று எவரும் எண்ணுவதில்லை. சித்திரை வைகாசி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, விசிறியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகின்றனர். ஆராய்ந்து பார்த்தால் இரண்டும் கூரையின் குறைகளேயாம். இரண்டாவது குறை பெரும்பாலும் முதலாவதைக் காட்டிலும் குறைந்த செலவில் தீரக்கூடியது. செங்கற்பட்டு ஜில்லாவிலும் மாமல்லபுரக் கடற்கரையோரத்திலும் உள்ள பழைய வீடுகளில் இக்குறை எவ்வாறு நேருகின்றது, எவ்வாறு நீங்கும் என்பது இங்கே விவரிக்கப்படுகின்றது.

குளிர் மிகுந்த தேசங்களில், அறைக்குள் மூட்டிய நெருப்பின் சூடு வெளியே போய்விடாதபடி சுவருக்கும் கூரைக்கும் ஆட்டு ரோமம், வைக்கோல், மரத்தூள் முதலியவற்றால் உறை போடுவது வழக்கம். நம் ராஜ்யத்திலேயே பனி உறையும் நீலகிரியில், தோடர்கள் தவழ்ந்து நுழையும் அளவு சிறிய வாயிலும், தரைவரை வளைந்து இறங்கும் கனத்த புற்கூரையும் வைத்து வீடு கட்டினார்கள். கடற்கரை ஜில்லாவுக்கு அந்த உறை எதற்கு என்று கேட்கலாம். சூடு எப்பொழுதும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே ஓடும். நீலகிரியில் அது உள்ளிருந்து வெளியே ஓடப் பார்க்கிறது. செங்கற்பட்டில் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. வழியை மறிக்கும் பொருள் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றே அப்பொருள். ரோமமும் வைக்கோலும் ஓலையும் சூட்டைத் தடுப்பது, அவற்றின் இடுக்குகளில் காற்று சிக்கிக்கொண்டிருப்பதனால்தான்.

வெயில் எங்கே விழுகிறது?

மாமல்லபுரம் ஏறக்குறைய பன்னிரண்டரை டிகிரி வடக்கே இருக்கின்றது. ஆகையால் சித்திரை பத்தாந் தேதியை ஒட்டியும், மறுபடி ஆவணி முதல் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கிறான். சுவர்களில் கிழக்குச் சுவருக்குக் காலை வெயிலும் மேற்குச் சுவருக்கு மாலை வெயிலும் சில மணி நேரமே படுகின்றன. கூரையோ உதயம் முதல் அஸ்தமனம் வரை முழுப் பகலும் காய்கிறது. எனவே வீட்டுக்குள் வரும் உஷ்ணத்தின் பெரும் பகுதி கூரை வழியாகவே வருகின்றது. கையில் இருக்கும் பணம் சொற்பமானால் அதைக் கூரைக்கே முதலில் செலவிடவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. முன்வாசலுக்கு வர்ணம் பூசுவது அப்புறம் ஆகட்டும்.

கத்திரி என்று வழங்கும் அக்கினி நட்சத்திர நாட்கள், மே மாதம் முதல் வாரத்தில் தொடங்கி அம்மாதக் கடைசிவரை நீடிக்கின்றன. 2003 மே 31ஆம் தேதி சென்னையில் வெப்பம் 45 டிகிரி சென்டிகிரேடை எட்டியது. கரையோரக் கிராமங்களுக்குக் கடற்காற்று ஒரு பெரிய தருமம். பகல் ஏறியதும் அது வீசத் தொடங்கி வெப்பத்தைத் தணிக்கின்றது. ஆனால் மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் அது பிந்தி வரும். சில நாள் வராமலே போய்விடும். கடலுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் செங்கற்பட்டுக்கு அது வந்து சேருவதற்குள் வீடுகள் காய்ந்துவிடுகின்றன. வெப்பத்தால் உயிர்ச்சேதம் நேர்வதை முன்னிட்டு, 2024ஆம் வருஷம் தமிழ்நாடு அரசாங்கம் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாகச் சேர்த்து அறிவித்தது. வயலில் மயங்கி விழுபவரை எல்லோரும் பார்க்கின்றனர். வீட்டுக்குள் பல இரவுகள் தூக்கமின்றி வாடும் முதியவரையும் கைக்குழந்தையையும் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. பகலில் சூடேறிய தேகம் இரவில் ஆறியாக வேண்டும். படுக்கும் அறை ஆறாவிட்டால் தேகமும் ஆறாது.

கூரை வகைகள்

இப்பிரதேசத்தின் மிகப் பழைய கூரை ஓலைக் கூரையே. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் மாமல்லபுரத்தில் ஒரே பாறையில் குடைந்த ரதங்களுள் திரௌபதி ரதம் என்று வழங்குவது ஒரு கூரைக் குடிசையின் உருவமேயாகும். இன்றும் அவ்வூரில் கல்தச்சர்கள் பலர் பகல் முழுதும் உளி பிடிப்பது கீற்றுக் கொட்டகையின் நிழலில்தான். அரையடிக் கனமுள்ள உலர்ந்த ஓலைக் கூரை சூட்டைத் தடுக்கும் அளவுக்குக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால், அந்தக் கான்கிரீட் ஏழெட்டு அடிக் கனமாவது இருக்க வேண்டும். நான்கைந்து அங்குலத் தளம் எம்மாத்திரம்?

இதனால் எல்லோரும் குடிசைக்கே திரும்பவேண்டும் என்பது கருத்தன்று. ஓலை ஒரு பொறி நெருப்புக்குத் தாங்காது. ஒரு வீட்டில் பற்றினால் தெருவே போகும். எலியும் பூச்சியும் சேரும். வருஷா வருஷம் கீற்று மாற்றும் செலவும் உண்டு. புயல் வந்தால் சொல்லவே வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் வர்தாப் புயலும், 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவில் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்த மாண்டஸ் புயலும் இக்கரையோர ஜனங்களுக்கு நன்கு நினைவிருக்கும். ஆகவே குடிசைகளை மாற்றிக் கான்கிரீட் வீடுகள் கட்ட 2010 முதல் அரசாங்கம் திட்டங்கள் வகுத்து வந்திருப்பது நியாயமே. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டம், 2030க்குள் கிராமங்களில் எட்டு லக்ஷம் வீடுகள் கட்டுவதை நோக்கமாகக் கொண்டது. அதன்படி ஒரு வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். நெருப்புக்கும் புயலுக்கும் அத்தளம் நல்ல அரண். ஆனால் வெயிலுக்கு அது அரண் அல்ல. குடிசையை விட்டு அதனுள் குடிபோகும் குடும்பம் முதற் கோடையிலேயே இதைக் கண்டுகொள்கிறது. வாசலில் ஒரு கீற்றுப் பந்தல் முளைப்பது அதனால்தான்.

காரை, தட்டோடு ஒன்றுமில்லாத வெறுங் கான்கிரீட் தளம் நடுப்பகல் வெயிலை விழுங்கி, மூன்று நான்கு மணி நேரம் கழித்து அதனை உள்ளே விடுகிறது. சூரியன் சாய்ந்து, ஜனங்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் வேளையே தளத்தின் அடிப்புறம் மிகவும் கொதிக்கும் வேளை. இரவு எட்டு மணிக்கு ஒரு முக்காலியின் மேல் ஏறித் தளத்துக்கு அருகில் உள்ளங்கையைக் காட்டினால் அடுப்பின் அனல்போல் தெரியும். அந்த நேரத்தில் மின்விசிறியைச் சுழற்றினால் தளத்தடியில் நிற்கும் சூடான காற்றே கீழே தள்ளப்படுகிறது.

நாட்டு ஓடு வேய்ந்த வீடு இதைவிட மேலானது. மூங்கிலும் பனஞ்சட்டமும் பரப்பி, ஓட்டின் மேல் ஓடாக இரண்டு மூன்று வரிசை அடுக்கும்பொழுது இடையிடையே காற்று அடைபடுகிறது. உள்ளே ஏறிய சூடும் இடுக்குகளின் வழியே போய்விடும். 1865இல் பாஸல் மிஷனார் மங்களூரில் தொழிற்சாலை ஏற்படுத்திய பின் பரவிய சீமை ஓடு ஒழுக்குக் குறைவானது, ஆள் ஏறி அடிக்கடி திருப்ப வேண்டாதது. ஆனால் ஒற்றை வரிசையாதலால் அதன் அடியில் வேறொன்றும் இல்லாவிட்டால் நாட்டு ஓட்டின் குளிர்ச்சி கிடைப்பதில்லை. மரச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்து, மேலே செங்கற்சல்லி கொட்டிக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து அடித்த மெட்ராஸ் தளங்கள் செங்கற்பட்டு முதலிய பட்டணங்களில் இன்னும் நிற்கின்றன; கனம் மிகுதியாதலால் அவை சூடேறத் தாமதிக்கும், ஆறவும் தாமதிக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது தகரம். நடுப்பகலில் அது 60 டிகிரிக்கு மேல் காய்ந்து, அடியில் இருப்பவர்மேல் அனலைக் கொட்டுகிறது. ஓடு உடைந்த வீடுகளில் செலவுக்கு அஞ்சி ஓட்டையும் பனஞ்சட்டத்தையும் விற்றுவிட்டுத் தகரம் போடுவது இப்பொழுது பெருகி வருகிறது. இது வருந்தத்தக்கது. அரைவாசி ஓடாவது நல்ல நிலையில் இருந்தால், அவற்றைக் கழுவித் தேர்ந்து படுக்கும் அறைமேல் வேய்ந்து, குறைவுபட்ட இடம் சமையற்கட்டானால் அதன்மேல் மட்டும் தகரம் இடலாமே.

செய்ய வேண்டிய வேலைகள்

முதலாவது, வெண்மை. வெயிலில் கறுத்த பழைய தளம் தன்மேல் விழும் ஒளியில் கால்வாசி அல்லது சற்று அதிகமே திருப்பி அனுப்புகிறது; மற்றது சூடாக மாறுகிறது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் முக்கால் பங்கையேனும் திருப்பிவிடும். இவ்வளவு லாபம் தரும் வேலை இவ்வளவு குறைந்த செலவில் வேறொன்றும் இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு இதற்கு மிகவும் ஏற்றது. மாமல்லபுரத்துக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் விறகும் கிளிஞ்சலும் படகுகளில் வந்துகொண்டிருந்தன. இன்று அதை லாரியில்தான் வரவழைக்கவேண்டும்.

வேலையைப் பங்குனியில் செய்வது உத்தமம். முதலில் தளத்தைத் துடைப்பத்தாலும் நீராலும் நன்றாகத் தேய்த்துப் பாசியும் புழுதியும் நீக்கவேண்டும். அழுக்கின்மேல் அடித்த சுண்ணாம்பு உரிந்துவிடும். நீற்றாத சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் நீர் என்ற அளவில் சேர்த்து ஒரு நாள் முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது பசை அல்லது சோற்றுக் கஞ்சி கலக்கலாம். நீற்றும்பொழுது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்குமாதலால் குழந்தைகளை அருகில் விடக்கூடாது. கண்ணில் பட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் கழுவி வைத்தியசாலைக்குக் கொண்டு போகவேண்டும். நெடுக்கில் ஒரு பூச்சு, அது காய்ந்தபின் குறுக்கில் ஒரு பூச்சு, வசதியிருந்தால் மூன்றாவது பூச்சு. வடகிழக்குப் பருவமழை இதைக் கரைத்துவிடும். ஆகையால் அடுத்த பங்குனியில் திரும்பவும் அடிக்கவேண்டும். வருஷந்தோறும் முடியாதவர்கள் வெயில் தடுப்பதற்கென்றே கடைகளில் விற்கும் வெண்பூச்சை உபயோகிக்கலாம். விலை அதிகம், ஆனால் சில வருஷங்கள் நிற்கும். எதை அடித்தாலும், கூரை நீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதலிரண்டு மழையின் நீரை வெளியே விட்டுவிடுதல் நலம்.

இரண்டாவது, தளத்தின்மேல் ஓர் உறை. செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது கொத்தர்கள் யாவரும் அறிந்த வேலை. சூட்டைத் தாமதப்படுத்துவதன்றி, தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்கி வெடிப்பதையும் இது குறைக்கின்றது. கரையோரத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வெடிப்பின் வழியே உப்புக்காற்றும் நீரும் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருவேறி, அடிக்காரை பெயர்ந்து விழும். சுருக்கிக்குப் பதிலாக மண் கலயங்களை நெருக்கமாகக் கவிழ்த்து வைத்து இடையில் காரை நிரப்புவதும் ஒரு பழைய வழக்கம். கலயத்துக்குள் அடைபடும் காற்றே தடை. குயவருக்கும் வேலை கிடைக்கும். எதைப் போட்டாலும் தளத்தின்மேல் பாரம் ஏறுகிறது என்பதை மறக்கலாகாது. மெட்ராஸ் தளத்தில் சட்டங்களைக் கறையான் அரித்திருந்தால் அதன்மேல் ஒரு கூடைச் சல்லியும் ஏற்றக்கூடாது. சட்டம் சுவரில் புகும் முனைகளை உளியால் தட்டிப் பார்த்து, மக்கல் சத்தம் கேட்டால் முதலில் சட்டத்தை மாற்றவேண்டும்.

மூன்றாவது, சீமை ஓட்டுக்கும் தகரத்துக்கும் உரியது. இவற்றின்மேல் பாரம் வைக்க இயலாதாகையால் தடையை அடியில் கட்டவேண்டும். கைமரங்களுக்குக் கீழே அரையடியேனும் இடைவெளி விட்டு, மூங்கில் தட்டியோ பலகையோ கோரைப் பாயோ பரப்பி இறுகக் கட்டினால், கூரையின் அனல் நேராகப் படுத்திருப்பவர்மேல் விழாது. இடைவெளியின் இரண்டு முனைகளிலும், முகட்டுக்குச் சற்றுக் கீழே சுவரில் துவாரம் வைத்து வலை அடிக்கவேண்டும். அந்தத் துவாரம் இல்லாவிட்டால் மேலே சிக்கிய சூடான காற்று போக வழியின்றித் தட்டியையும் சுட வைத்துவிடும். பலர் தட்டி கட்டியும் பயனில்லை என்று சொல்வது இந்த ஒரு பிசகினால்தான். பழைய வீடுகளில் பலகை பரப்பி மண் பூசிய மச்சு இருந்தால் அதைப் பிரிக்கவே கூடாது. தானியம் போட்டு வைக்க ஏற்பட்டதெனினும், அது இரண்டாவது கூரையாகவும் இருந்து வந்திருக்கிறது. அடுப்பு எரியும் இடத்துக்கு மேலே தட்டியும் பாயும் உதவா.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அத்தகட்டின் நார் தூளாகி மூச்சில் புகுந்தால் பல வருஷங்கள் கழித்துப் புற்றுநோய் உண்டாகலாம். ஆகையால் அதை உடைக்கவோ, துளையிடவோ, காய்ந்த நிலையில் சுரண்டவோ கூடாது. ஈரமாக்கி மெதுவாகக் கழுவி வெள்ளை அடிக்கலாம். கனத்தைத் தாங்காதாகையால் அதன்மேல் ஏறி மிதிக்காமல் பலகை குறுக்கே போட்டு வேலை செய்யவேண்டும்.

நிழலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூரைமேல் சுரைக்கொடியும் பூசணிக்கொடியும் ஏற்றுவதைப் பெண்டிர் காய்க்காகச் செய்கின்றனர். நிழல் இலவசமாகக் கிடைக்கிறது. மேற்குப் புறத்தில் வேம்பு, கடற்கரையில் பூவரசு, புன்னை. மொட்டைமாடியில் கீற்றுப் பந்தல் போடுகிறவர்கள் ஐப்பசிக்கு முன் அதைப் பிரித்துவிடவேண்டும். புயலில் பறக்கும் கழி அண்டை வீட்டு ஓட்டைத்தான் உடைக்கும்.

சுவரும் காற்றும்

ஒன்றரை அடிக் கனமுள்ள மண்சுவர் வெயிலுக்கு நல்ல தடை. அதன்மேல் உறுதிக்காகச் சிமெண்டு பூசுவது பெருந்தவறு. மண்சுவரின் ஈரம் சிமெண்டைத் தாண்டி வெளியேற இயலாமல் உள்ளேயே தங்கிச் சுவரை இளக்கும்; சில வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாக உரியும். சுண்ணாம்புக் காரையானால் ஈரம் வந்து போகும். இடம் போதாதென்று திண்ணையையும் தாழ்வாரத்தையும் அடைத்து அறையாக்குகிறவர்கள், சுவருக்கு இருந்த நிழலை இழந்து விடுகின்றனர் என்பதையும் யோசிக்கவேண்டும். முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கிவரும் தக்ஷிணசித்ராவில், தென்னாட்டுப் பழைய வீடுகள் பலவற்றைப் பிரித்துக் கொணர்ந்து மறுபடி கட்டி வைத்திருக்கின்றனர். கத்திரி வெயிலில் நடுப்பகலில் அங்கே போய், வெளிமுற்றத்திலும் பிறகு ஒரு கூடத்திலும் சிறிது நேரம் நின்று பார்ப்பவருக்குத் தாழ்வாரமும் தாழ்ந்த இறவாரமும் எதற்கு என்பது விளங்கிவிடும்.

ஜன்னல் விஷயத்தில் செங்கற்பட்டுக்கும் கடற்கரைக்கும் வழக்கம் வேறுபடவேண்டும். உள்நாட்டில் காலை ஒன்பது மணிக்குள் ஜன்னல்களைச் சாத்தி, மாலையில் கடற்காற்று வந்தபின் எல்லாவற்றையும் திறந்து இரவு முழுதும் விடுவது நல்லது. காற்று வறண்டிருக்கும் முற்பகலில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி அங்கே நன்றாகக் குளிர்ச்சி தரும். கரையோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் தட்டியின் நீர் எளிதில் ஆவியாகாது. அறை புழுங்குவதுதான் மிச்சம். அங்கே தட்டிக்குச் செலவிடும் காசைக் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னலுக்கும், அதற்கு எதிரே மேற்குச் சுவரின் மேற்பகுதியில் ஒரு துவாரத்துக்கும் செலவிடலாம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

சென்னை ராஜதானியின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஏற்பட்டது. தனியொருவன் வட்டிக்கு வாங்கி அவதிப்படுவதைப் பலர் சேர்ந்து எளிதாக்கலாம் என்பதே அதன் அடிப்படை. கூரை வேலையும் அத்தகையதே. ஒரு வீட்டுக்கு இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கப் போனால் சில்லறை விலையும் வண்டிச் சத்தமும் சேர்ந்து அசலை மிஞ்சும். நாற்பது வீட்டுக்கு ஒன்றாக வாங்கினால் லாரி வாடகை பங்கிட்டுப் போகும். மட்டக் கட்டைகளும் ஏணியும் வடிகட்டும் துணியும் சங்கத்தின் சொத்தாக இருந்து தெருவுக்குத் தெரு போகலாம். அங்கத்தினர்கள் ஒருவர் தளத்தில் மற்றவர் ஏறி வேலை செய்வதானால் கூலியும் மீதி. வேலை தெரு முழுவதற்கும் ஒரே வாரத்தில் நடந்தால், விதவைகள், தனித்திருக்கும் முதியவர்கள் வீடுகளையும் சேர்த்து முடித்துவிடலாம். ஏணி ஏற முடியாதவர்களே கோடையால் அதிகம் வருந்துகிறவர்கள் ஆகையால், வரிசையில் அவர்கள் வீடுகளை முதலில் வைப்பது முறை.

வீட்டுப் பழுதுக்குக் கடன் கேட்டு வரும் மனுக்களைப் பரிசீலிக்கும்பொழுது, ஓட்டைக் கழற்றித் தகரம் போடக் கேட்பவரிடம், அடியில் தட்டியும் முகட்டில் துவாரமும் அந்த மதிப்பீட்டில் சேர்ந்திருக்கின்றனவா என்று நிர்வாக சபையார் கேட்கலாம். புதிய தளம் போடுகிறவரிடம் சுருக்கியும் தட்டோடும் கணக்கில் உண்டா என்று கேட்கலாம். பெரும்பாலும் இருக்காது, தளம் வார்த்ததுடன் பணம் தீர்ந்துவிடும். அந்நிலையில் உள்சுவர்ப் பூச்சை ஒரு வருஷம் ஒத்திப்போட்டுத் தளத்தின் மேற்பூச்சை முன்னே முடிக்கும்படி சொல்வது, கடன் வாங்குகிறவருக்கும் சங்கத்தின் ஈட்டுக்கும் ஒருங்கே அனுகூலமானது. சுண்ணாம்புக்கான ஆர்டரை மாசி மாதத்திலேயே அனுப்பினால்தான் பங்குனி முதல் வாரத்தில் வேலையைத் தொடங்க முடியும்.